கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவள்

திருச்செங்கோடு,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய சிஸ்டர் ஜெசிந்தா அவர்களுக்கு, தனப்பிரியாவைப் பெத்த வசந்தாமணி கும்பிட்டு எழுதறது. நீங்களும் இல்லத்துப் பிள்ளைங்களும் சளி, காய்ச்சல் இல்லாம இருக்கோணும். இந்தப் பனிக்குத் தனாவுக்கு நெஞ்சு கட்டிக்கும். வெந்நிதான் குடுப்பீங்கன்னு தெரியும், இருந்தாலும் மனசு கேக்காம சொல்றேன்.

போன்ல பேசாம எதுக்குக் கடுதாசின்னு நெனைப்பீங்க. ஊட்டுல மருமக சௌந்தர்யா இருக்கறா, காதுல விழுந்துரும். போன வாரம் உங்ககிட்ட நான் கத்துனதே தண்ணித் தொட்டிக்கு அக்கட்ட மறைஞ்சு நின்னுதானுங்க. பெத்தவ கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டுப்போட்டு போனை வெச்சுட்டேன். பதினாறு வருசமா என் பொண்ணுக்குப் பல்லு வெளக்கி, சோறு ஊட்டி, அவ கொளறிக் கொளறிப் பேசறதைக் காது குடுத்துக் கேட்டவங்க நீங்க. உங்களைப் பாத்து அப்படிக் கேட்டேனே, எனக்கு என்ன திமிரு! நீங்க மறுநாள் தனா பந்து புடிச்சுட்டு சிரிக்கற போட்டோவை அனுப்பி வெச்சீங்க. அதுக்கு நீங்க ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

ஆவணியில பையன் கல்யாணத்தன்னைக்கு நான் செஞ்சதைப் பத்தி நீங்க இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. நானே சொல்லிப்போடறேன், இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராது.

எங்க பக்கம் பையனுக்குப் பொண்ணு கிடைக்கறது குதிரைக்கொம்பு. சரவணக்குமாருக்கு மொதல்ல பாத்த இடம், தங்கச்சிக்குக் கை கால் வராது, பேச்சு வராதுன்னு கேள்விப்பட்டு அப்படியே ஒதுங்கிக்கிட்டாங்க. ரத்தத்துல இருக்குதோ என்னமோன்னு தரகர்கிட்டக் கேட்டாங்களாம். அதுக்கப்புறம் சௌந்தர்யா ஊட்டுல பேசறப்ப நானும் எங்க ஊட்டுக்காரரும் ஒரே பையன்னு சொல்லிட்டோம். உங்ககிட்டயோ கல்யாணத்துக்குக் கார் அனுப்பறேன், தனாவைக் கெளப்பி வையுங்கன்னு ஒப்புக்குச் சொல்லி வெச்சிருந்தேன். அனுப்பல. எப்படி அனுப்புவேன்?

அவ காலையில ஆறு மணிக்கே பச்சைப் பாவாடை கட்டி, பூ வெச்சுக்கிட்டு இல்லத்து வாசல்ல வந்து உக்காந்திருந்தான்னு அப்புறம் சொன்னீங்க. ஒன்பது மணி வரைக்கும் பாத்துட்டு, இல்லத்து வேன்லயே அவளையும் இன்னும் ரெண்டு பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டு வந்துட்டீங்க. கார் ரிப்பேரா இருக்கும்னு என்னை நல்லவளா நெனைச்சுத்தான் வந்தீங்க. மண்டப வாசல்ல உங்க வெள்ளை உடுப்பையும் தனாவோட சக்கர நாற்காலியையும் பாத்ததும் எனக்கு மேலெல்லாம் வேர்த்துப் போச்சு. பக்கத்துல சம்பந்தியம்மா. யாருங்க இவங்கன்னு கேட்டாங்க.

ஆசிரமத்துப் பிள்ளைங்க, நல்ல காரியத்தன்னைக்கு நாலு பேருக்குச் சோறு போடலாம்னு வரச் சொன்னோம்னு சொன்னேன். வாய் கூசலீங்க சிஸ்டர். அந்தம்மா கண்ணு கலங்கி என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. எவ்வளவு பெரிய மனசுங்க உங்களுக்குன்னாங்க. அப்பத்தான் தனா என் முந்தானையைப் புடிச்சு அம்மான்னு கூப்பிட்டா. பாவம், இதுங்க எல்லாரையும் அம்மான்னுதான் கூப்பிடும் போல இருக்குதுன்னு சம்பந்தி சொன்னாங்க. ஆமாங்கன்னு சொல்லி, அவ வெரலைப் பிரிச்சு முந்தானையை உருவிக்கிட்டேன். உங்களுக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு, மூஞ்சி சிவந்துச்சு. ஆனா என் மானம் போகக் கூடாதுன்னு பேசாம நாற்காலியைத் தள்ளிக்கிட்டு மேடைக்கு எதுத்தாப்பல இருந்த சாப்பாட்டுக் கூடத்துக்குப் போயிட்டீங்க.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, எங்க கல்யாணத்துல இணைச்சீர்னு ஒண்ணு உண்டு. மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவதான் அவன்கூட இருந்து செய்யோணும். கூடப் பொறந்தவ இல்லாதவங்களுக்குத்தான் பெரியப்பன், சித்தப்பன் மக செய்வா. மேடையில எங்க கொழுந்தனார் மக நின்னு சீரு செய்யறா. சீருக்கு உரிமைக்காரி கடைசி வரிசைப் பந்தியில உங்க கையால ரசஞ்சோறு தின்னுக்கிட்டு இருக்கறா. மேடைக்கும் பந்திக்கும் நடுவுல நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.

ஒரு தடவை நான் உங்ககிட்டக் கேட்டிருக்கறேன், ஒண்ணும் புரியாத பிள்ளைங்களுக்கு எதுக்குங்க பொறந்தநாள், கேக்கெல்லாம்னு. அதுக்கு நீங்க, எங்க இயேசு பிள்ளைங்களைக் கிட்ட வரச் சொன்னப்ப, நடக்க முடிஞ்ச பிள்ளைங்க மட்டும் வாங்கன்னு சொல்லலையேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. அன்னைக்கு எனக்கு அது ஏதோ சர்ச் பேச்சாத்தான் பட்டுச்சு.

இப்ப சௌந்தர்யா மூணு மாசம் முழுகாம இருக்கறா. அந்தச் சந்தோசத்துல சம்பந்தியம்மா ஞாயித்துக்கிழமை உங்க இல்லத்துக்கு மத்தியானச் சாப்பாடு போடறதுன்னு அவங்களே போன் பண்ணி ஏற்பாடு பண்ணிட்டாங்க. அன்னைக்குச் சாப்பிட வந்துச்சே, பச்சைப் பாவாடைப் பொண்ணு, அதுக்கு நானே ஊட்டி விடறேன்னு சொல்லிட்டு இருக்கறாங்க. அதைக் கேட்டுப் பதறித்தான், அன்னைக்கு ஒரு நாள் தனாவை வேற எங்கயாச்சும் கொண்டுபோய் வையுங்கன்னு உங்களுக்குப் போன் போட்டேன். இது பிள்ளைங்களை ஒளிச்சு வெக்கற ஊடு இல்லீங்கம்மா, அவ எடம் முன்வரிசை, அங்கதான் இருப்பான்னு சொன்னீங்க. அதுக்குத்தான் அந்தக் கத்து கத்துனேன்.

நேத்து பையன்கிட்ட எல்லாத்தையும் பேசினேன். இணைச்சீர் நடக்கறப்ப அவன் கண்ணு பூரா பந்தியிலதான் இருந்துச்சாம். தாலி கட்டறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்து அவளைத் தூக்கிட்டுப் போய் மேடையில உக்கார வெச்சிருக்கோணும், நானும் உன்னை மாதிரிதான் இருந்துட்டேன்னு அழுதான். நானே சௌந்தர்யாகிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டான். வேண்டாம் சாமி, பொய் சொன்னது நான், நானே சொல்றேன்னுட்டேன்.

பயமாத்தான் இருக்குதுங்க. கேட்டதும் மருமக பயந்துபோய் தன் வவுத்து மேல கையை வெச்சுக்குவா. சம்பந்தியம்மா பொண்ணைக் கையோட கூட்டிட்டுப் போனாலும் போயிருவாங்க. போகட்டும்னு சொல்ல எனக்கு நெஞ்சுல தெம்பு இல்லை. ஆனா இன்னொரு தடவை அவ வெரலைப் பிரிச்சு விட என்னால ஆகாது.

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ரெண்டு கார்ல வாரோம். தனாவை முன்வரிசையிலயே உக்கார வையுங்க. இவ என் மக, சரவணனுக்குத் தங்கச்சின்னு எல்லாருக்கும் முன்னாடி நான் சொல்லோணும்னு இருக்கறேன். ஆனா என்னை நானே நம்பலீங்க சிஸ்டர். அங்க வந்தும் என் வாய் அடைச்சுப் போனா, இந்தத் தடவை நீங்க பேசாம இருந்துராதீங்க. என் மானத்தைப் பாக்காதீங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், வசந்தாமணி, உன் மக கூப்பிடறா போன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி சத்தமாச் சொல்லிப்போடுங்க.

உங்களை நம்பி வர்ற,
வசந்தாமணி