பத்து இலக்கப் பூட்டு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே தோர்பென் என் மேசைக்கு வந்து நின்றான். முதலாளி உட்காராமல் நின்றால் வேலை பெரிது என்று அர்த்தம். ஒரு கிளினிக்குக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த சர்வர், நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளைப் பிடிஎஃப் கோப்பாக்கி மின்னஞ்சலில் அனுப்புகிறது. பூட்டே இல்லாமல் போகிறதாம். யார் கையில் சிக்கினாலும் படிக்கலாம். உடனே குறியாக்கம் செய்து கடவுச்சொல் போட வேண்டும்.

இத்தனை நாள் இப்படியா விட்டிருந்தோம்? 

மார்ச் 6, வெள்ளி

ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு சாவி வைத்தேன். ஒன்று நோயாளிக்கு, ஒன்று எங்கள் அலுவலகத்துக்கு. நோயாளிக்கு எதைக் கொடுப்பது என்று தோர்பெனைக் கேட்டேன்.

"அவங்க அரசாங்க அடையாள எண்ணையே வையேன். பத்து இலக்கம், பொறந்ததுலேருந்து கூடவே இருக்கு. யாரும் மறக்க மாட்டாங்க, நமக்கு ஃபோனும் வராது."

சரி என்றுவிட்டேன்.

வீட்டில் எஸ்கில் இருமிக்கொண்டே சூப் வைத்தான். குளிர்காலம் முழுக்க இதே இருமல். டாக்டரைப் பார் என்றால், என் அருமைக் கணவர் காது கேட்காதவர் மாதிரி சட்டியைக் கிண்டுகிறார்.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடி சோதித்தேன். எல்லாம் சரி. பிறகு எதற்கு மூன்றாம் முறை திறந்து பார்க்கிறேன்?

மார்ச் 12, வியாழன்

கிளினிக்கிலிருந்து நர்ஸ் உல்லா கூப்பிட்டாள். ஒரு பெண் (பெயர் சொல்லவில்லை) கருவுற்றிருக்கிறாள். புருஷனை விட்டுப் போவதா இருப்பதா என்று தனக்குள் மருகிக்கொண்டிருந்தவள். பரிசோதனை முடிவை அவள் பார்ப்பதற்கு முன்பே அவன் திறந்து படித்துவிட்டான். இப்போது தங்கை வீட்டில் இருக்கிறாள், அழுதபடி.

"உங்க பூட்டு நல்லாத்தான் இருக்கு. சாவி அவன்கிட்டயும் இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள் உல்லா.

 இங்கே யார் வீட்டில்தான் அந்த எண் இருவருக்கும் தெரியாமல் இருக்கிறது? கணவன் மனைவி இருவர் பெயரும் சேர்த்து ஒரே மின்னஞ்சல். மருந்துக்கடையில் எஸ்கிலின் எண்ணை நான் யோசிக்காமல் சொல்வேன். என் வரிக்கணக்கை அவன் என் எண்ணைப் போட்டு முடிப்பான். கட்டினவனுக்கும் கட்டினவளுக்கும் மனப்பாடமான எண்ணைப் போய் ரகசியம் என்று நினைத்தேனே, என் புத்தியை என்ன சொல்ல! ஊரான் பார்க்கக் கூடாது என்று மட்டும்தான் யோசித்தேன். வீட்டுக்குள் இருப்பவன் நினைவுக்கே வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

தோர்பெனோடு சண்டை. கோப்புக்குக் கோப்பு புது எண், அது நோயாளியின் கைப்பேசிக்கு மட்டும் போக வேண்டும் என்றேன். வயசானவர்கள் நாள் முழுக்கக் கூப்பிட்டுக் குழப்புவார்கள் என்றான். கூப்பிடட்டும், நானே எடுக்கிறேன் என்றேன். அன்றே எழுதத் தொடங்கினேன்.

மார்ச் 18, புதன்

மாற்றியாயிற்று. அந்தப் பெண்ணுக்கு இனி இதனால் என்ன?

மார்ச் 24, செவ்வாய்

மழை. சீக்கிரம் வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தேன். கிளினிக்கிலிருந்து ஒரு கோப்பு. எஸ்கில் பெயருக்கு.

போன வாரம் கண்ணாடிக்கடைக்குப் போறேன்னுதானே சொன்ன? அங்கயா போன? ஏன்டா எங்கிட்ட சொல்லல?

அவன் பத்து இலக்கத்தைப் போட்டேன். திறக்கவில்லை. திறக்காது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் இன்னொரு தரம் போட்டேன்.

அலுவலகச் சாவி இருக்கிறது. என் மடிக்கணினியிலிருந்தே எடுக்கலாம், ஒரு நிமிட வேலை. யாருக்குத் தெரியப்போகிறது? நுரையீரலோ? ஐயோ, நுரையீரலாக இருந்தால்—

அந்தப் பெண்ணின் புருஷனும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பான்.

மூடிவிட்டு உருளைக்கிழங்கு உரித்தேன். எஸ்கில் நனைந்த கோட்டோடு வந்தான். அவனுக்குக் கோப்பு வந்திருப்பதைச் சொன்னேன்.

"படிச்சியா?"

"இல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கைப்பேசியை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"தனியா பாக்க பயமா இருக்கு. நம்பரை நீ போடு."

மார்ச் 26, வியாழன்

திங்கட்கிழமை ஆர்ஹுஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நுரையீரலில் கட்டி; சிறிதாக இருக்கும்போதே பார்த்துவிட்டார்களாம். கார் நான் ஓட்டுகிறேன்.