பிழைத்தால்தான் பெயர்

மாஸ்கோ புறநகர்,
ஏப்ரல் 1972

அன்பு மகள் தாயாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், பனி உருகத் தொடங்கியதும் அம்மாவின் முட்டிவலி மட்டும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே நோரில்ஸ்கில் நீயும் மாப்பிள்ளையும், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் நம் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்கள் பேச்சு. எழுதக்கூடாத விஷயத்தை எழுதப்போகிறேன், அதனால் தபாலில் போடாமல் அங்கே வரும் பக்கத்து வீட்டு அர்காதியிடம் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார். ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறதாம், பெயரைப் பற்றிக் கேட்டால் "முதல்ல பொழைச்சு வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறாயாம். அம்மாவோ "கிளாஃபிரான்னு எங்க அத்தை பேரை வைக்கச் சொல்லுங்க" என்று நச்சரிக்கிறாள். அது ஏதோ இரும்பு அடுப்பின் பெயர் மாதிரி இருக்கிறது, நீ காதில் போட்டுக்கொள்ளாதே.

வெள்ளிக் கிரகத்துக்கு இயந்திரம் அனுப்புகிற வேலை எனக்கு என்பது உனக்குத் தெரியும், நாங்கள் பெயர் வைக்கும் வழக்கம் தெரியாது. பூமியின் பிடியை விட்டுக் கிளம்பினால்தான் அதற்கு அந்தக் கிரகத்தின் பெயரான வெனேரா என்று பெயர். கிளம்ப முடியாமல் பூமியையே சுற்றிக்கொண்டு நின்றுபோனால் கோஸ்மோஸ் என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும், எங்கே போகப் பார்த்தது என்றுகூட வானொலியில் சொல்லமாட்டார்கள். போன மாதம் ஒரே அச்சில் இரண்டு அனுப்பினோம். ஒன்று வெனேரா எட்டு, போய்க்கொண்டிருக்கிறது. மற்றது கோஸ்மோஸ் ஆகிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று வீட்டுக்கு வந்தேன், அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு முட்டைக்கோஸ் சூப்பைச் சுடவைத்தாள். வேலையிடத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, என்ன சொல்லிக் குறிப்பிடுவது?

இதற்கு முன் போன வெனேரா ஏழு அங்கே தரையில் விழுந்ததும் அதிலிருந்து வந்த ரேடியோ சத்தம் நின்றுவிட்டது. கதை முடிந்தது என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். எங்களோடு வேலை செய்யும் தமாரா மட்டும் "ஏழு அப்படியெல்லாம் போயிடாது, சும்மா இருங்கய்யா" என்று பதிவு நாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாக அதன் குரல் இருந்தது, விழுந்து கிடந்தபடியே பேசியிருக்கிறது.

பெயர் வைத்தால் பிழைத்துவிடும் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், பெயர் வைத்தவற்றிலும் பல ஊமையாய்ப் போய்விட்டன. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது தாயா. ஆனால் பிழைத்தால்தான் பெயர் என்பது தொழிற்சாலைக் கணக்கு, பெற்றவளுக்கு எதற்கு அது? பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது கூப்பிட உனக்கு ஒரு பெயர் வேண்டும். அவள் தங்காவிட்டால் சொல்லி அழ எங்களுக்கும் வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, தலையை மூடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடாதே. நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் தந்தி அடி. அதில் அவள் பெயர் மட்டும் இருந்தால் போதும்.

உன் அப்பா,
சவேலி