லூசியனின் முதல் கோல்

அன்புள்ள ஒடெட்,

நேற்றைய ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் நம் ஊர் லூசியனின் முதல் கோலை அநியாயமாக அழித்துவிட்டார்கள். ஆட்டக்காரர் பட்டியலில் அவன் பெயரை எழுத மறந்தவர் பயிற்சியாளர். "பட்டியல்ல இல்லாதவன் அடிச்சா கோல் கிடையாது. ஐஸை விட்டு இறங்குப்பா" என்றார் நடுவர்.

பழியோ அணியின் சட்டை, மட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் என்மேல்.

"சட்டையை எடுத்துக் குடுத்தது நீதானே, பெரிசு?" என்று பயிற்சியாளர் எல்லார் முன்னும் சிரித்தார்.

"குடுத்தேன். பட்டியல எழுதுன கை யாரோடது?" என்றேன். லூசியன் முகத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்குக் குறையில்லை, சாப்பிடும்போதுதான் எதிரே ஆளில்லை.

பயிற்சியாளர் அணியின் முன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை நான் அவருக்குக் கை கொடுக்கப்போவதில்லை. நீ கம்பளிக் காலுறை அனுப்பு. லூசியனின் அம்மாவை நேரில் பார்த்து, கோல் விழுந்தது, ஒவிலா கண்ணால் பார்த்தார் என்று சொல்.

பேருந்து கிளம்புகிறது.
ஒவிலா