எரியாத விளக்குக்கும் பொத்தான் அமுக்கியவர்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம். உன் அப்பாவும் நலம் என்று உன் அப்பாவே சொல்லிக்கொண்டு திரிகிறார், நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால், "நல்லா இருக்கோம்மா, மீட்டிங் இருக்கு" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதுகிறவளை நடுவில் யாரும் துண்டிக்க முடியாது.

அப்பாவின் கண் விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அவர் உன்னிடம் என்ன அளந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். படிக்கிற கண்ணாடியின் மேல் அவரே உட்கார்ந்து அதை உடைத்தார், நாற்காலியில் யார் வைத்தது என்று என்னைக் கேட்டார், அது வேறு கதை. புதுக் கண்ணாடிக்குப் போன கடையில் கண்ணில் காற்றடித்துப் பார்த்துவிட்டு, அழுத்தம் அதிகமாக இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பினார்கள். இவர் போவாரா? வலி இல்லை, சிவப்பு இல்லை, எதற்காகப் போக வேண்டும் என்று அந்தக் கடைக்காரரையே திருடன் ஆக்கிவிட்டார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தாள். "கண்ணுக்குள்ள அழுத்தம் ஜாஸ்தியா இருக்கு, நரம்பு இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா கண்ணோட முன்பக்கத் தோல் மெல்லிசு, கூடப் பொறந்தவங்க யாருக்காவது க்ளாக்கோமா, அதான் அழுத்தத்தால பார்வை போற வியாதி, இருக்கா" என்று கேட்டாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்கள் வம்சத்தில் எல்லோருக்கும் கழுகுக் கண் என்றார். பெரியப்பாவுக்கு ஒரு கண் முழுதாகப் போய், மற்றது பாதியில் நிற்கிறதே, அவர் எந்த வம்சம் என்று நான் கேட்டேன். "அது அவன் திமிருக்கு வந்தது" என்றார், டாக்டர் முன்னால், வெட்கமே இல்லாமல். வியாதிக்கெல்லாம் இவர் காரணம் கண்டுபிடிப்பதைப் பார்த்தால் டாக்டர் நாற்காலியில் இவரே உட்கார்ந்திருக்கலாம்.

அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்கிறேன், நீ படித்தவள், புரிந்துகொள்வாய். இப்போதே சொட்டு மருந்து ஆரம்பிக்கலாம், இல்லையென்றால் அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். மருந்து போடாத எல்லோருக்கும் பார்வை போவதில்லை, ஆனால் போனால் போனதுதான், எந்த மருந்தும் திருப்பித் தராது. ஒரு டெஸ்ட் எடுத்துவிட்டு நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும் என்றாள். யாரிடம் போய் முடிவைக் கொடுக்கிறாள் பார். சட்டைக்கு எந்தப் பொத்தான் எந்த ஓட்டைக்கு என்று இன்றுவரை முடிவு பண்ணத் தெரியாத மனுஷன். வீட்டுக்கு வந்ததும் மேல்மாடி பேங்க் மேனேஜர் இறங்கி வந்தார். ரிட்டையர் ஆனதிலிருந்து அந்த ஆளுக்கு வாய்தான் வேலை பார்க்கிறது. பிரஷர் என்றால் உப்பைக் குறைத்தால் போதும், கண்ணானால் என்ன காதானால் என்ன என்று அருள் பாலித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் சமையலில் உப்பு இல்லை. டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை, லுங்கியோடு இறங்கி வந்தவர் சொன்னது உடனே ஏறிவிட்டது.

இப்போது அந்த டெஸ்ட். இருட்டு அறையில் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும், சுற்றிலும் எங்காவது பொட்டு வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். உன் அப்பா வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு களை. ஒன்றுகூட விடவில்லையாம். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எல்லோர் கண்ணிலும் ஒரு குருட்டு இடம் உண்டாம், பிறவியிலேயே அங்கே எதுவும் தெரியாதாம், மெஷின் சோதனைக்காக அங்கேயும் வெளிச்சம் போடுமாம். அதற்கும் இவர் அமுக்கியிருக்கிறார். "சார், உலகத்துல யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு" என்றாள். இவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். தெரு முழுக்கச் சொன்னார். மேனேஜர் கை குலுக்கினார்.

அந்தத் தாளை நம்ப முடியாது என்று மறுபடி எடுக்கச் சொன்னபோது நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து டக், டக், டக் என்று கேட்டது. எனக்கு உடனே பிடிபட்டது. பாட்டில் கம்பெனியில் உன் அப்பா மூடி போடுகிற மெஷினில்தானே ஆயுசு முழுக்க உட்கார்ந்திருக்கிறார். பாட்டில் வந்தால் விளக்கு எரியும், விளக்கு எரிந்தால் பொத்தான். "விளக்கை நான் பார்ப்பதே இல்லை, அது எரிவதற்கு முன்னாலேயே என் விரல் போய்விடும்" என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து பீற்றிக்கொள்கிற பெருமை அது ஒன்றுதான். சாப்பாட்டு மேஜையிலும் அந்தத் தாளத்தில்தான் தட்டுவார். நான் உள்ளே போய் மெஷின் பார்க்கிற பெண்ணிடம் மெல்லச் சொன்னேன். அவள் சத்தமில்லாமல் மெஷினை நிறுத்தினாள். உள்ளே ஒரு வெளிச்சமும் இல்லை. இவர் அமுக்கிக்கொண்டே இருக்கிறார்! டக், டக், டக். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஒன்றுமே இல்லாத இருட்டைப் பார்த்து எல்லாம் தெரிகிறது என்று அடித்துச் சொல்கிற மனுஷனுக்கு, நிஜமாகவே தெரியாமல் போகிற அன்று எப்படித் தெரியும்?

மூன்றாம் தடவை அந்தப் பெண் மெஷினை மெதுவாக்கி, தாளம் பிடிக்க விடாமல் ஓட்டினாள். வலது கண்ணில் மூக்குப் பக்கம் ஒரு மூலையில் கொஞ்சம் சந்தேகம். கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல முடியாது, சரியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, அண்ணனுக்கு இருப்பதால் நானாக இருந்தால் மருந்து போடுவேன் என்றாள் டாக்டரம்மா. இவர் யோசிக்க வேண்டும் என்றார். யோசனைக்கு இவரிடம் என்ன சாமான் இருக்கிறது? நான் வாங்கி வந்த மருந்துப் பெட்டியிலிருந்த பொடி எழுத்துத் தாளைப் படித்து, இமை முடி நீளமாக வளருமாம், எனக்கு வேண்டாம் என்றார். வளரட்டுமே, தலையில்தான் ஒன்றும் மிச்சமில்லையே!

கடைசியில் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ரோட்டில் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறான், திமிர் பிடித்தவன் என்று இத்தனை வருடம் இவர் திட்டிய அதே அண்ணன். நாங்கள் கிளம்பும்போது எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார். செருப்பைக் காலால் தடவித் தடவித் தேடினார். காலடியிலேயே கிடந்தது. உன் அப்பா குனிந்து அதை எடுத்து அவர் காலில் மாட்டிவிட்டார். பெரியப்பா, "எனக்கும் எல்லாம் நல்லாத்தாண்டா தெரிஞ்சுது" என்றார்.  வீட்டுக்கு வந்ததும் இவர் அந்த மருந்து எங்கே என்று என்னை அதட்டினார், ஏதோ நான் ஒளித்து வைத்த மாதிரி.

இப்போது தினமும் படுப்பதற்கு முன்னால் நான்தான் போட்டுவிடுகிறேன். ஒரு சொட்டுக்கு ஊரைக் கூட்டுகிறார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, விழுந்துவிட்டது என்று பொய் சொல்கிறார். விடமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறதடி, அதை அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே, தலைமேல் ஏறிக்கொள்வார்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாக இருங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். ஒன்றை மறக்காதே. இது ரத்தத்தில் வருகிறதாம், பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதைப் போன வாரம் உனக்குச் சொன்னேன். "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதும்மா" என்று சொல்லிப் போனை வைத்தாய். அந்த வார்த்தையை மூன்று பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். ஒருவர் செருப்பைத் தேடுகிறார். ஒருவருக்கு நான் இமையைப் பிரித்து மருந்து விடுகிறேன். உனக்கு விட என் கை அவ்வளவு தூரம் எட்டாது.

இப்படிக்கு,
கழுகுக் கண்ணரோடு குடித்தனம் நடத்தும்
உன் அம்மா