பெண்கள் இழுக்கும் மேடு

ஜூலை 12, சனி
மாமனாரைக் குளிப்பாட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

ஜூலை 15, செவ்வாய்
மாமனார் ஹைரமுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம். நாற்காலியிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து நாற்காலிக்கு. வாரத்துக்கு இரண்டு தடவை நான்தான் தூக்குகிறேன். நல்ல மனிதர், ஆனால் என்னைப் போல ஒன்றரை மடங்கு கனம். இனி எதையும் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமையாவது உன் அப்பாவை நீ குளிப்பாட்டு என்று வெர்லனிடம் கேட்டேன்.

"அப்பாவை அந்தக் கோலத்துல பார்க்க எனக்கு மனசு தாங்காது, ரோவீனா. உனக்குத்தான் அந்தத் தெம்பு. அந்தக் காலத்துல மலை தாண்டி இந்த ஊருக்குக் கைவண்டி இழுத்துக்கிட்டு வந்தாங்களே, அந்தப் பொம்பளைங்க ரத்தம் உனக்கு."

என் கொள்ளுப்பாட்டி ரயிலில் வந்தவள். அது அவனுக்கும் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு
சபையில் வெர்லன் எழுந்து என்னைப் புகழ்ந்து பேசினான். பேசும்போதே அழுதான். வெளியே வந்ததும் நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நீங்க கொடுத்து வெச்சவங்க" என்றார்கள். வீட்டுக்கு வந்து சோபாவில் படுத்துத் தூங்கினான். நான் மாமனாருக்குச் சோறு ஊட்டினேன்.

ஜூலை 23, புதன்
நாளை முன்னோடிகள் திருவிழா, எங்கள் சபையின் முன்னோர் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நாள். மகள் டெஸ்ஸா விழாவில் உடுத்தும் நீளப் பாவாடைக்கு மடிப்பு அடித்தேன். சீஸ் போட்ட உருளைக்கிழங்கு இரண்டு தட்டு, பச்சை ஜெல்லி ஒரு தட்டு. நான் வரவில்லை, வீட்டில் படுத்திருக்கிறேன் என்றேன். "குடும்பமா போறதுதான் அழகு" என்றான் வெர்லன். யாருக்கு அழகு?

ஜூலை 24, வியாழன்
எழுதியே ஆக வேண்டும்.

மத்தியானம் வரை குறையில்லை. ஊர்வலம், வாத்தியம், வெயில். மாமனாரைக் கூடாரத்து நிழலில் உட்கார வைத்து ஒரு துண்டு ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்தேன். அப்புறம் மேடு. அந்தக் காலத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள், செத்தும் போனார்கள். மிச்ச வழி முழுக்கப் பெண்களே வண்டியை இழுத்தார்கள். அதன் நினைவாக வருஷா வருஷம் நாங்கள் மேட்டில் இழுக்கிறோம். ஆண்கள் பாதையின் இரண்டு பக்கமும் தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும். யாரும் பேசக்கூடாது. என்ன ஆனாலும் அவர்கள் வண்டியைத் தொடக்கூடாது.

வண்டிக்கு ஆறு பேர். நான் முன் கட்டையில், டெஸ்ஸா பின்னால் தள்ளுகிறாள். உள்ளே நிஜ மாவு மூட்டைகள். வைக்கோலை அடைத்தால் விழாவை நடத்தும் பிரதர் ஆல்ரெட்டுக்கு ஆகாது.

பாதி மேட்டில் இடுப்பு பளிச்சென்று வெட்டியது. தலையைத் தூக்கினேன். வெர்லன் தொப்பியை நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுகிறான். தாடியெல்லாம் கண்ணீர். எனக்கு வந்ததே ஒரு கோபம் – பதினாலு மாசமா இப்படித்தானே நிக்கிறான்? தொப்பி ஒண்ணுதான் புதுசு.

"அழுதது போதும், வெர்லன். வந்து தள்ளு."

மேடு முழுக்கக் கேட்டிருக்கும். பிரதர் ஆல்ரெட் கிட்டே வந்து, "சிஸ்டர், ஆம்பளைங்க தொடக்கூடாது, தெரியும்ல?" என்று கிசுகிசுத்தார். வெர்லன் அவர் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றான்.

நான் கட்டையை விட்டேன். போய் ஆண்கள் வரிசையில் அவன் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வண்டி ஒரு அடி பின்னால் வந்தது. டெஸ்ஸா முன்னால் ஓடி நான் விட்ட இடத்தைப் பிடித்தாள். பதினான்கு வயது. ஏன் விட்டாய் என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. அது என்றைக்கும் அவள் இடம் என்பது போலப் பிடித்துக்கொண்டு குனிந்து இழுத்தாள். சுற்றி நின்ற ஆண்களுக்கு இன்னும் அழுகை வந்தது.

வெர்லனுக்கு மட்டும் நின்றுவிட்டது. "அவ ஏன் போய்ப் பிடிச்சா?" என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வேற யார் பிடிப்பா?"



ஜூலை 25, வெள்ளி
காலையில் வெர்லன் சொன்னது ஒன்றே ஒன்று: "ஊரே பார்க்க மானத்தை வாங்கிட்ட." தப்புதான். விழாவில் அப்படிச் செய்திருக்கக்கூடாது. ஆனால் வேறு எங்கே சொன்னால் அவன் காதில் விழுந்திருக்கும்?

சாப்பாட்டு மேசையில் டெஸ்ஸாவின் கையைப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். மருந்து போட்டேன்.

"விடும்மா, சரியாயிடும். நாளைக்குத் தாத்தாவை நான் குளிப்பாட்டறேன். உனக்குத்தான் இடுப்பு வலிக்குதே."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். ஐயோ, இவளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தா? நான்தானே? பதினாலு மாசமா முணுமுணுக்காம தூக்கித் தூக்கி நான்தானே காட்டியிருக்கேன்.

"நீ செய்ய வேண்டாம்" என்றேன். "நானும் செய்யப் போறதில்ல." வெர்லன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான்.

சொல்லிவிட்டேன். நாளைக்கு அந்தக் கிழவர் குளிக்காமல் உட்கார்ந்திருந்தால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா? தெரியவில்லை.

ஜூலை 26, சனி
ஏழு மணிக்கு எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். சக்கர நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டெஸ்ஸாதான் என்று அலறி அடித்துக்கொண்டு ஓடினேன். அவள் தன் அறையில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாமனார் குழறலாகத் திட்டுகிறார். "சுடுதுடா, மடையா."

"இருப்பா, இருப்பா. இதை எந்தப் பக்கம் திருப்பணும்?"

இடது பக்கம். கதவுக்கு வெளியே நின்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன்.