காலி மூலை

என் செல்ல வாயாடிக்கு,

"நான் கோல் விட்ட படத்தையே பேப்பர்ல போட்டுட்டீங்களேப்பா, இனிமே என் மேட்ச்சுக்கு வராதீங்க" என்றாய். நேற்றைய ஐஸ் ஹாக்கிக்கும் ஆபீஸில் என்னைத்தான் அனுப்பினார்கள். உன் கண்ணில் படாமல் எதிர் மூலைக்குப் போய், தடுப்புக் கண்ணாடியின் துளை வழியாகப் படமெடுத்தேன்.

வெள்ளைப் பனித்தரை கேமராவை ஏமாற்றும், படம் இருண்டுவிடும். அதனால் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன். கோல்கீப்பர் முகமூடிக்குள் உன் கண்கள்கூடத் தெளிவாக விழுந்திருக்கின்றன.

ஒன்றுதான் புரியவில்லை. கோலை நோக்கிப் பாய்ந்து வந்த ரப்பர் வட்டு ஒன்றையும் நீ விடவில்லை. ஆனால் ஆட்டம் நின்றபோதெல்லாம், நான் வழக்கமாக நிற்கும் மூலையையே பார்த்திருக்கிறாய். அங்கே குப்பைத்தொட்டியைத் தவிர ஒன்றுமில்லையே, யாரைத் தேடினாய்?

அடுத்த மேட்ச்சுக்கு நான் எந்த மூலையில் நிற்கட்டும்?

உன் அப்பா