மருதாணி காய்வதற்குள் ஒரு போன்

அன்பு மகன் முஸ்தகீமுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். உடம்பைத்தான் சொன்னேன், மனசைக் கேட்காதே. தினமும் வீடியோவில் முகம் காட்டுகிற அம்மா திடீரென்று பேனா எடுத்திருக்கிறாளே என்று பயந்துவிடாதே. நீ போனை எடுத்தால் ரூமில் இருக்கிற ஆறு பேருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடுகிறாய், இந்தப் பக்கம் உன் அத்தா வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார், நான் எங்கே பேசுவது. வாய்ஸ் மெசேஜ் மூன்று தரம் பேசினேன், மூன்று தரமும் அழித்துவிட்டேன். ஆவடி ஜேம்ஸ் லீவு முடிந்து சனிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறான், உனக்கு எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை ரூமில் எல்லாருக்கும் கொடு, கடிதத்தை மட்டும் தனியாகப் போய்ப் படி.

ஐந்து நாளாக எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அரிசியைக் களைந்து குக்கரில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறக்கிறேன், அத்தாவின் பிரஷர் மாத்திரையைக் கொடுத்தேனா இல்லையா என்று அட்டையை எண்ணிப் பார்க்கிறேன், வாசலில் பைக் நின்றால் அத்தாவின் பட்டறையிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். மெயின் ரோட்டில் மெட்ரோக்காரர்கள் போடுகிற சத்தம் வேறு, முன்பெல்லாம் அதைத் திட்டிக்கொண்டிருப்பேன், இப்போது அது நின்றால்தான் பயமாக இருக்கிறது, வீட்டில் ஒருத்தரும் பேசுவதில்லையே. அதீபா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். ஃப்ரிட்ஜில் அவளும் கூடப் படிக்கிற ரெனிதாவும் சுருட்டி வைத்த மருதாணிக் கோன் பன்னிரண்டு அப்படியே கிடக்கிறது, எடுத்துப் போடவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. உன் தங்கை பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாளா கோன் சுருட்டுகிறாளா என்று நீ கிண்டல் செய்வாயே, இரண்டையும்தான் செய்தாள். பரீட்சைக்கு முதல் நாள்கூட அண்ணனூரிலிருந்து ரெனிதா இரண்டு பஸ் மாறி வந்து, நம் கூடத்தில் பேப்பரை விரித்துப்போட்டு, ஒருத்தி டீ டிகாக்‌ஷனில் மருதாணிப் பொடியைக் குழைக்க ஒருத்தி சத்தமாகப் பாடம் வாசிப்பாள். போன ரம்ஜானுக்குப் பிறை பார்த்த அன்று நம் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை, நினைவிருக்கிறதா, நீகூட வீடியோவில் பார்த்துச் சிரித்தாய்.

இப்போது அந்த வேலையும் வேண்டாம், படிப்பும் வேண்டாம் என்கிறாய். அத்தா திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய் டி.சி. கேட்கப் போகிறார். நீ குடும்ப குரூப்பில் பேசிப் போட்டதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார், புள்ளயே சொல்லிட்டான், இனிமே இன்னா பேச்சு என்று. உன் வார்த்தை அவருக்கு அப்படி. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், நீ கேள்விப்பட்டது முழுசாக இல்லை.

உனக்குச் சொன்னது இதுதானே. வெள்ளிக்கிழமை மதியம் மஸூத் பாய் வீட்டில் அவர் மகள் சைமாவுக்குக் கல்யாண மருதாணி வைக்க அதீபாவும் ரெனிதாவும் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை செம்பரம்பாக்கம் பக்கத்து மண்டபத்தில் நிக்காஹ். மருதாணி வைத்துக்கொண்டிருக்கும்போதே சைமா வாணியம்பாடி மாப்பிள்ளைக்குப் போன் பேசிவிட்டாள், சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சைமா போனை அவள் அம்மா ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொண்டாள், அப்புறம் எந்தப் போனில் பேசினாள் என்று பார்த்தால், மாப்பிள்ளை போனில் வந்த நம்பர் நம் வீட்டு மருதாணி நம்பர், மருதாணிக் கை படம் போட்டு வைத்திருக்கிற அதே நம்பர். மஸூத் பாய் பட்டறை ஆட்கள் இரண்டு பேரோடு வந்து வாசலில் நின்றார். பதினெட்டு வருஷமாக அத்தா அவருடைய லாரி பாடி பட்டறையில் வேலை பார்க்கிறார், ஒரு நாள் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று தெருவே கேட்கிற மாதிரி, இன்னா அன்வர், என் ஊட்டுக் கல்யாணத்த நிறுத்தத்தான் உன் பொண்ண அனுப்புனியா, அவளுக்கு போன் போட்டுக் குடுத்தது யாரு, இப்பவே எனக்குத் தெரியணும் என்றார். அதீபா முன்னால் வந்து, நான்தான் மாமா போட்டேன், தெரியாம செஞ்சுட்டேன் என்றாள். அத்தா அவளைக் கைநீட்டி அடித்தார், இந்த வயசில் முதல் தடவை. மஸூத் பாய்தான் தடுத்தார், உடு அன்வர், சின்னப் புள்ள, வெவரம் பத்தல, இனிமே எவன் ஊட்டுக்கும் இந்த மருதாணியத் தூக்கிகினு போவாம பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே நீ குரூப்பில் வந்தாய்.

நடுவில் எழுந்து போய்த் துணி மடித்து வைத்துவிட்டு வந்தேன். எழுதிவிடுகிறேன். அவள் போடவில்லைடா. நான் போட்டேன்.

மருதாணிக்கு எங்கே போனாலும் அம்மா கூடப் போகணும் என்று கண்டிஷன் போட்டது நீயும் அத்தாவும்தானே, நானும் இரண்டு வருஷமாக எல்லா வீட்டுக்கும் போகிறேன். கல்யாணப் பெண் என்றால் ரெனிதா வலது கை, அதீபா இடது கை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைப்பார்கள், இல்லாவிட்டால் பாதி நாள் ஆகிவிடும். அவர்கள் விரலெல்லாம் மருதாணி, அதனால் டிசைன் படத்தைப் போனில் தூக்கிப் பிடிக்கிற வேலை என்னுடையது. சைமா வீட்டுப் பெண்கள் எல்லாம் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். கதவு சாத்தின உடனே அவள் என்னைப் பார்த்து, ஆண்ட்டி, ஒரே ஒரு போன் போட்டுக் குடுங்க என்றாள். நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். அதீபா தலை நிமிர்ந்து, வேணாம்மா என்றாள், நான் கேட்கவில்லை. காதில் வைத்துப் பிடித்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை, அந்தப் பையனிடம் நிதானமாகச் சொன்னாள். எனக்கு நர்சிங் இன்னும் ஒரு வருசம் இருக்கு, நானே நிறுத்திட்டேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்காங்க, அது பொய், எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல, நிக்காஹ்ல சம்மதமான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன், சபைல உங்களத் தலைகுனிய வைக்க வேணாம்னு இப்பவே சொல்றேன் என்றாள். அவன் சரிம்மா என்று வைத்துவிட்டான். நல்ல பையன், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஏன் போட்டாய் என்று நீ கேட்பாய், நானும் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டு கையும் இரண்டு பேர் பிடியில், முழங்கை வரைக்கும் ஈரம், மூக்கு அரித்தால்கூட நான்தான் சொறிந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்திருக்கிற பெண் கேட்கும்போது முடியாது என்று எப்படிடா சொல்வது. மாப்பிள்ளை போனில் நம்பர் விழும், அது நம் வீட்டு நம்பர் என்பது அந்த நேரத்தில் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வாசலில் மஸூத் பாய் கேட்டபோது நான் அங்கேதான் நின்றேன். சொல்லலாமா வேண்டாமா என்று கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள். அப்புறம் சமையலறையில் என்னிடம், நீ சொன்னா அத்தா வேல போயிடும்மா, பெரிய மனுசி செஞ்சான்னா உட மாட்டாங்க, நான்னா ரெண்டு நாள் திட்டுவாங்க, அவ்ளோதானே என்றாள். அவள் போட்ட கணக்கு அது. நானும் அதை நம்பி வாயை மூடிக்கொண்டேன், எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. டி.சி. வரைக்கும் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அடி வாங்கினது அவள், குரூப்பில் முப்பது பேர் கேட்க உன்னிடம் மானம் கெட்டவள் என்று பேர் வாங்கினது அவள். நான் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். இதைவிடக் கேவலம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

நாளைக்கு ஜும்மா தொழுகை முடிந்து அத்தா சாப்பிட்டதும் அவரிடம் சொல்லப் போகிறேன். சாயந்திரம் மஸூத் பாய் வீட்டுக்கும் நானே போவேன். பட்டறை வேலை போனால் போகட்டும் என்று லேசாக எழுத என்னால் முடியாது, ஆனாலும் அவள் படிப்பை வைத்து அதைக் காப்பாற்ற மாட்டேன். சைமா மறுபடி கேட்டால் போனைப் பிடிப்பாயா என்றால் பிடிப்பேன், என் பெண் தலையில் பழி விழ மட்டும் விடமாட்டேன்.

இரவு டியூட்டி முடித்து வெறும் வயிற்றில் படுக்காதே, ஏசிக்கு நேராகத் தலை வைக்காதே, ஜேம்ஸிடம் உன் சட்டை இரண்டு கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கொடுக்கட்டும். இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, என்னை எப்போது வேண்டுமானாலும் திட்டலாம். நீ எந்தக் குரூப்பில் அவளைச் சொன்னாயோ அதிலேயே, அத்தனை பேரும் கேட்க, அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள். அப்புறம் அவளுக்குப் போன் போடு. உன் பேரைப் பார்த்தால் எடுக்க மாட்டாள், எடுக்கிற வரைக்கும் போடு.

துஆவுடன்,
உன் அம்மா
நஜ்மா அன்வர் பாஷா
பூந்தமல்லி, வியாழக்கிழமை